லியோனில் ஒரு கடலூர் மாணவி: முதல் ஜூடோ வகுப்பும் விலா வலியும்

2024 நவம்பரில், ஃபிரான்சின் லியோன் நகரில் முதுகலை படித்துக்கொண்டிருந்த கடலூர் மாணவி ஒருவருக்கு ஜூடோ வகுப்பில் விலாவில் அடிபட்டது. யாரும் அவரைத் தூக்கிப் போடவில்லை. அவர் தவறி விழவும் இல்லை. மல்லாந்து படுத்திருந்தார், மேலே ஒருத்தி அழுத்திப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். அவள் உடம்பிலோ தரையிலோ கையால் இரண்டு தட்டு தட்டியிருந்தால் அந்த நொடியே விட்டிருப்பாள். 'போதும், விடு' என்பதற்கு ஜூடோவில் அதுதான் அடையாளம். மாணவி தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்பதுதான் இங்கே கேள்வி.

நான் புதுச்சேரியில் உடற்கல்வி ஆசிரியர். காலையில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிறேன், ஜூடோவும் பயிற்சிக் கல்லூரியில் படித்த அளவுக்குத் தெரியும். மாணவியின் அத்தை வீடு எங்கள் தெருவில்தான். அப்படித்தான் விஷயம் என்னிடம் வந்தது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயரும் கிளப்பும் மட்டும் வேண்டாம் என்றார்.

பின்னணி

வீடு கடலூர் குண்டு உப்பலவாடிப் பக்கம். அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை. பள்ளியில் விளையாட்டு என்றால் ஏழாம் வகுப்பு வரை ஆடிய கோகோ மட்டும்தான். அப்புறம் பி.டி. பீரியடு கணக்கு டீச்சர் கைக்குப் போய்விட்டது. (எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் வயிற்றெரிச்சல் இது. ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.) ஃபிரெஞ்சு படித்தது புதுச்சேரி அலியான்ஸ் ஃபிரான்சேஸில். 1889 முதல் நடக்கும் இடம். அத்தை வீட்டில் தங்கித்தான் வகுப்புக்குப் போனார்.

அந்த அத்தையின் கணவர் ஃபிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் 'சொல்தா' குடும்பம் என்போமே, அது. கிளம்பும்போது அவர் சொன்ன ஒரே புத்திமதி: "ரூம்லயே அடைஞ்சு கெடக்காதம்மா. எதாவது கிளப்புல சேரு. கிளாஸ்ல வராத ஃபிரெஞ்சு அங்க வந்துடும்."

ஜூடோவைத் தேர்ந்தெடுத்ததில் பெரிய காரணம் ஏதும் இல்லை. ஜப்பானுக்கு வெளியே ஜூடோ வீட்டு விளையாட்டு மாதிரி ஆகிவிட்ட நாடு ஃபிரான்ஸ். 1882-இல் டோக்கியோவில் கானோ ஜிகோரோ தொடங்கியதை, 1935-இல் பாரிசுக்கு வந்த கவாய்ஷி மிகினோசுகே அங்கே ஊன்றினார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று படிப்படியாக வரும் வண்ண பெல்ட் முறை ஐரோப்பாவில் பரவியதற்கும் அவரைத்தான் சொல்வார்கள். இன்று அங்கே உரிமம் பெற்று ஆடுபவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். மாணவி போய் இறங்கியது பாரிஸ் ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில். கலப்பு அணி இறுதியில் ஜப்பானைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. ஃபிரெஞ்சு ஜூடோ வீரர் டெடி ரினேர் படம் இல்லாத தெருவே இல்லை என்றார்.

செப்டம்பரில் அங்குள்ள கிளப்புகள் ஆள் சேர்க்கும். காசு கட்டும் முன் ஒன்றிரண்டு வகுப்பு சும்மா வந்து பார்க்கலாம். மாணவி சேர்ந்த கிளப்பில் இரண்டு. அந்தத் தாராளம் நல்ல விஷயம்தான். ஆனால் இந்த நிகழ்வில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

மூக்குத்தி

முதல் வகுப்பில் அவர் ஓரத்தில் உட்கார்ந்துதான் இருந்தார். ஜூடோ விரிப்பில் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. தோடு, மெட்டி, மோதிரம், ஹேர்பின் எல்லாம் கழற்ற வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். முடியை உலோகம் இல்லாத ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். இது கெடுபிடி இல்லை. முகத்தோடு முகம் உரசும் ஆட்டத்தில் ஒரு கல் மூக்குத்தி அடுத்தவர் கண்ணைக் கிழித்துவிடும், போட்டிருப்பவர் மூக்கையும் சேர்த்து.

தோடு கழன்றது. மூக்குத்தி கழலவில்லை. திருகாணி வைத்தது, வயசுக்கு வந்தபோது ஆசாரி போட்டது, அன்றிலிருந்து கழற்றியதே இல்லை. உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் நின்று திருகித் திருகி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். "பரவாயில்லை, இன்று உட்கார்ந்து பார்" என்றிருக்கிறார் பயிற்சியாளர். நாற்பது வயதிருக்கும் பெண்மணி, கறுப்பு பெல்ட். மாணவி உட்கார்ந்தார். ஆனால் பார்த்தது பாதிதான். கை முழுக்க மூக்கில் இருந்தது.

அன்று இரவு விடுதியில் பக்கத்து அறைப் பெண் தேங்காய் எண்ணெய் விட்டு, புருவம் பிடுங்கும் இடுக்கியால் திருகாணியைப் பிடித்து, ஒருவழியாகக் கழற்றினாள். எண்ணெய் மாணவியின் பெட்டியில் இருந்ததுதான், அம்மா வைத்து அனுப்பியது. அதே அம்மா வீடியோவில் வெறும் மூக்கைப் பார்த்து, "என்னடி இது, அறுத்துப் போட்ட மாதிரி இருக்கு" என்று ஒரு பாட்டம் அழுதார். சமாதானம் சொன்னது அத்தை. வகுப்பு இருக்கும் நாளில் மட்டும் கழற்றிக் குங்குமச் சிமிழில் போட்டுவிட்டு, திரும்பியதும் மாட்டிக்கொள்வது என்று முடிவானது. துளை தூர்ந்துவிடக்கூடாது என்பதுதான் அம்மாவின் கவலை. மணிக்கட்டில் பாடலீஸ்வரர் கோயில் கயிறு ஒன்றும் இருந்தது. அதைப் பயிற்சியாளரே பிளாஸ்டர் டேப் சுற்றி மூடிவிட்டார்.

இதை விவரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தட்டுவது எப்படி என்று அந்தக் கிளப்பில் சொல்லிக்கொடுத்தது, அந்த முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில்.

விழுவதும், காலால் படுவதும்

இரண்டாவது வகுப்பில் கிளப் கொடுத்த இரவல் உடுப்பு. முரட்டுப் பருத்தியில் தைத்த மேல்சட்டை. பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட்டுக்கொள்வார்கள். உடம்பு முழுக்க மூடிய உடை என்பதில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஜூடோவில் முதலில் கற்பது விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கண் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்து உருள வேண்டும். முதுகு படும் அதே கணத்தில் இரண்டு கையையும் உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை தரையில் ஓங்கி அறைய வேண்டும். விழும் வேகம் ஓரிடத்தில் சேராமல் பரவிவிடும். செய்யவே கூடாதது, கையை ஊன்றுவது. மொத்தப் பாரமும் மணிக்கட்டு வழியாக ஏறும். மணிக்கட்டு எலும்போ காறை எலும்போ முறிவது பெரும்பாலும் அப்படித்தான். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கையை ஊன்றத்தான் பார்ப்பார்கள். மாணவி ஊன்றவில்லை. அடுத்த கட்டிலில் இருக்கும் தலையணை மேல் விழுவது போல விழுந்தார் என்று பயிற்சியாளர் பாராட்டியிருக்கிறார். கோகோ ஆடிய உடம்பு எங்கேயோ ஞாபகம் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிக்கல் காலில் வந்தது. எதிராளியின் காலைத் தன் காலால் வாரும் ஓசோட்டோ-காரி. ஒவ்வொரு முறை கால் பட்டதும் மாணவியின் கை தன்னால் குனிந்து அந்தப் பெண்ணின் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நாம் பஸ்ஸில் யார் மேலாவது கால் பட்டால் செய்வதுதான். ஜோடியாக நின்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளும் பதிலுக்குக் குனிந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்தார்களே தவிர யாரும் விழவில்லை. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பயிற்சியாளர் சிரிக்கவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். "தொடங்கும்போது ஒரு வணக்கம், முடியும்போது ஒரு வணக்கம் செய்கிறோம் இல்லையா? நடுவில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அதுவே சேர்த்து" என்றாராம். நல்ல ஆசிரியை. சிலம்பத்தில் நாங்களும் கம்பை எடுக்குமுன் தரையைத் தொட்டுக் கும்பிடுகிறோம். அதற்குப் பிறகு கம்பு யார் காலில் பட்டாலும் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அந்த நவம்பர் மாலை

இதற்குள் மாணவி பணம் கட்டிச் சேர்ந்துவிட்டார். அன்று தரைப் பிடி. கேசா-கதாமே என்னும் பிடியில் மேலே இருப்பவர் பக்கவாட்டில் நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து, ஒரு கையால் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, கீழே இருப்பவரின் ஒரு கையைத் தன் கக்கத்தில் இறுக்கிக்கொள்வார். போட்டியில் இப்படி 20 விநாடி பிடித்துவிட்டால் முழு வெற்றி. வகுப்பில் கீழே இருப்பவர் நெளிந்து தப்பப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் தட்ட வேண்டும்.

ஜோடி சேர்ந்தவள் ஏறக்குறைய அதே எடை, ஒரு வருடம் ஆடியவள். பிடித்தாள். மாணவி நெளிந்தார், வரவில்லை. சும்மா கிடந்தார். எதிர்ப்பு இல்லை, தட்டும் இல்லை. சரி, வலிக்கவில்லை போலும் என்று அவள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்தபோது மாணவியின் உதடு நிறம் மாறியிருந்தது. "மத்தே!" (ஜப்பானிய மொழியில் 'நிறுத்து' என்னும் கட்டளை) என்று கத்தியதும் பிடி விட்டது. சரியா என்று கேட்டார்கள். சரி என்றார் மாணவி. மீதி வகுப்பையும் முடித்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் இருமினால், சிரித்தால், ஆழ மூச்சு விட்டால் வலது விலாவில் குத்தல். டாக்டரிடம் போகவில்லை. அங்கே வெளிநாட்டு மாணவர்களும் அரசு மருத்துவக் காப்பீட்டில் இலவசமாகப் பதியலாம். பதிந்துவிட்டால் சாதாரண டாக்டர் கட்டணத்தில் 70 சதவீதம் அளவுக்குத் திரும்ப வரும். அப்போது கட்டணம் 26.50 யூரோ. இவர் பதிவுக்கான தாள்களில் ஒன்றைப் பதிவேற்றாமல் விட்டிருந்தார், எண் வரவில்லை. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தார். கூடவே துப்பட்டாவை இழுத்து விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டு தேவையில்லாதது. விலாவை இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகும், சளி தேங்கும். அதனால்தான் இப்போது மருத்துவர்கள் கட்டுப் போடுவதில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மணிக்கு சில முறை ஆழ மூச்சு விடச் சொல்கிறார்கள். சாதாரண விலாக் காயம் சில வாரங்களில் தானே ஆறிவிடும். மூச்சுத் திணறலோ, இருமலில் ரத்தமோ, காய்ச்சலோ இருந்தால் அது வேறு கதை. பணம் பார்க்காமல் ஓட வேண்டும்.

வீட்டுக்கும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இருந்த வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் இங்கே 48 செ.மீக்கு மேல் கொட்டியது. அது வடியும் முன் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கியது. குண்டு உப்பலவாடியில் வீட்டுக்குள் தண்ணீர். அம்மா மாடி வீட்டுக்காரர் தயவில் இருந்தார். அந்த நேரத்தில் லியோனிலிருந்து விலா வலியைப் பற்றி யார் பேசுவார்கள்?

ஜூடோவுக்கும் போவதை நிறுத்திவிட்டார்.

மூன்று விளக்கங்கள்

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோதுதான் அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அத்தை என்னிடம் அழைத்துவந்தார். அதற்குள் ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது.

சொல்தா மாமாவின் கட்சி: "நம்ம பொண்ணுங்க வலிய வெளிய சொல்லாதுங்க. பொறுத்துக்க, பொறுத்துக்கன்னு வளத்துட்டோம்." கேட்க நன்றாக இருக்கிறது. மேடையில் பேசினால் கைதட்டும் கிடைக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகம். இதே பெண் அத்தை வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால் தெரு முனை வரை கேட்கும்படி சொல்பவர்.

பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய செய்தியில் அவர் தரப்பு இருந்தது: மொழி. நான் சொன்னது உனக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று எழுதியிருந்தார். இதுவும் நிற்கவில்லை. கட்டளைகள் ஜப்பானிய மொழி, ஃபிரெஞ்சுக்காரர்களுக்கும் அது புதிதுதான். மற்ற விளக்கங்கள் எல்லாம் மாணவிக்குப் புரிந்தே இருந்தன.

மாணவியிடம் நான் கேட்டது ஒன்றுதான். "படுத்திருக்கும்போது எங்கம்மா பாத்துட்டு இருந்தே?"

"மேடத்ததான் மாஸ்டர். எப்ப மத்தே சொல்லுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"தட்டணும்னு தோணலையா?"

"ஒரு கை அவ கக்கத்துல மாட்டியிருந்துது. இன்னொண்ணு எங்க இருந்துதுன்னே தெரியல. அதுவுமில்லாம, நிறுத்தறது அவங்கதானே மாஸ்டர்?"

என் கணிப்பில் விஷயம் இந்தப் பதிலில்தான் இருக்கிறது. அவர் வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. அனுமதிக்குக் காத்திருந்தார். வகுப்பு என்றால் ஆரம்பிப்பதும் முடிப்பதும் டீச்சர் என்பது நம் பள்ளிகள் பன்னிரண்டு வருடம் கொடுக்கும் பயிற்சி. தண்ணீர் குடிக்கவும் கை தூக்கிக் கேட்க வேண்டும். ஜூடோவில் நிறுத்தும் அதிகாரம் இரண்டு பேரிடம் உண்டு. ஒன்று பயிற்சியாளர், இன்னொன்று கீழே கிடப்பவர். இந்த இரண்டாவதைக் காதால் கேட்டவர் எல்லோரும் கையால் செய்துவிட மாட்டார்கள். அதற்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். மாணவிக்கு அந்தப் பழக்கம் கிடைத்திருக்க வேண்டிய பத்து நிமிடம் மூக்குத்தியோடு போனது.

இதில் கிளப்பின் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் வாரம் ஒரு புது முகம் வரும், இலவச வகுப்பு முடிந்து சிலர் போவார்கள். அடிப்படையை ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து சொன்னால் பழைய ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கு எது சொல்லப்பட்டது என்பது யாருக்கும் நிச்சயமில்லை. உட்கார்ந்து பார்த்த பெண்ணுக்கும் தட்டத் தெரியும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கை இரண்டும் மாட்டினால் என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. காலால் தரையைத் தட்டலாம், வாயால் எந்தச் சத்தம் போட்டாலும் விட வேண்டும். ஃபிரெஞ்சோ ஜப்பானியமோ வேண்டியதில்லை, "ஐயோ" போதும். இதைச் சொன்னபோது மாணவி, "கால உதைக்கறதா? அது அவங்கள ஒதைக்கற மாதிரி ஆயிடாதா?" என்றார். தரையைத்தான் என்றேன். அதற்கே முகம் சுளித்தார்.

தேவனாம்பட்டினம்

விலா ஆறியிருந்தது. டாக்டர் ஒருவரும் பார்த்து, படம் எடுக்கத் தேவையில்லை என்றுவிட்டார். அந்த விடுமுறையில் சில காலைகள் சில்வர் பீச்சில் பயிற்சி செய்தோம். வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் கரை முழுக்க. கொஞ்ச இடத்தைச் சுத்தம் செய்துகொண்டோம். அத்தை மகளும் என் சிலம்பப் பிள்ளைகளில் இரண்டு பெண்களும் வந்தார்கள். வேடிக்கை பார்க்க, கபடி ஆடும் தேவனாம்பட்டினத்துப் பையன்கள்.

பிடியே சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டுவதை மட்டும்தான். அத்தை மகள் லேசாகச் சாய்வாள், பாரம் ஏறும் முன்பே தட்ட வேண்டும். வலிக்கும் முன் தட்டுவது என்பதுதான் கணக்கு. முதல் நாள் மாணவி தட்டியது, மணலில் எறும்பு நடந்த மாதிரி. எதிராளிக்கு அது தெரியாது. பிடிப்பவர் உடம்பில் தட்டுவது மேல், தரையில் தட்டினால் சத்தத்தில் தெரியாமல் போகலாம். அப்புறம் இடது கையால், அப்புறம் காலால், அப்புறம் கத்தி. கத்துவதற்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது. பையன்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சம். அவர்களில் ஒருவனையே கூப்பிட்டு என்னிடம் தட்டச் சொன்னேன். அவன் கடைசி வரை தட்டவில்லை, முகம் கறுத்து, மீசை வராத உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். நானாக விட்டேன். அதைப் பார்த்த பிறகு மாணவி சத்தமாகக் கத்தினார்.

மாமாவின் 'நம்ம பொண்ணுங்க' கட்சி அங்கேயே பாதி அடிபட்டுப் போனது. பையன் தட்டாததற்குக் காரணம் வேறு, ஆனால் தட்டவில்லை என்பது ஒன்றே.

அதன் பிறகு

ஜனவரியில் அதே கிளப்புக்குத் திரும்பினார். போகும் முன் காப்பீட்டுப் பதிவை முடித்து எண்ணை வாங்கிக்கொண்டார். முதல் நாளே ஜோடியிடம், பிடிக்கும் முன்பே, "நான் சீக்கிரம் தட்டுவேன்" என்று சொல்லிவிட்டாராம். அவள் நிம்மதியாகச் சிரித்திருக்கிறாள். நவம்பருக்குப் பிறகு அவளுக்கும் கை நடுங்கியிருக்கிறது. கீழே கிடப்பவர் தட்டாவிட்டால் மேலே இருப்பவருக்கும் அது காயம்தான். இதை நான் யோசித்திருக்கவில்லை, மாணவி சொல்லித்தான் தெரிந்தது.

பயிற்சியாளர் இப்போது யார் எந்த வாரம் புதிதாக வந்தாலும், உடுப்பு இருக்கிறதோ இல்லையோ, விரிப்பில் உட்காரவைத்து ஒருமுறை தட்ட வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குகிறாராம்.

என் சிலம்ப வகுப்பிலும் ஒன்று சேர்த்திருக்கிறேன். ஜோடியாக ஆடும்போது யார் வேண்டுமானாலும் கம்பு நுனியைத் தரையில் ஊன்றினால் ஆட்டம் நிற்க வேண்டும், என்னைக் கேட்க வேண்டியதில்லை. பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆசான் சொல்லாமல் கம்பு இறங்கலாமா என்கிறார்கள். வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஒரு மாணவியை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது. இங்கேயே கராத்தே பழகிவிட்டு வெளிநாடு போகும் பிள்ளைகளின் சிக்கல் இதற்கு நேர் எதிர், தெரிந்ததைக் காட்டப் போய் அடுத்தவரைக் காயப்படுத்துவது. அது தனியாக எழுத வேண்டியது. ஆனாலும் செப்டம்பரில் கிளம்பும் பிள்ளைகள் கேட்டால் மூன்று விஷயம் சொல்லி அனுப்புகிறேன். காப்பீட்டு எண் கைக்கு வரும்வரை தரைப் பிடி வேண்டாம். முதல் நாள் எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும் தட்டக் கற்றுக்கொள்ளுங்கள். திருகாணி மூக்குத்தி இருந்தால் ஊரிலேயே ஆசாரியிடம் போய், கழற்றி மாட்ட எளிதானதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மாணவி இன்னும் வெள்ளை பெல்ட்தான். ஜூனில் மஞ்சளுக்கான தேர்வு இருந்தது. அன்று பல்கலைக்கழகத்தில் ஆய்வறிக்கை ஒப்படைக்கும் நாள், போகவில்லை. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் என்கிறார். அம்மாதான், "இவ்ளோ கஷ்டப்பட்டு மூக்குத்தியக் கழட்டிட்டு பெல்ட்டும் மாத்தலையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.